எழுபத்தொன்றுக்குப் பாத்தி இல்லை

அருப்புக்கோட்டை
22.1.2024

அன்பு மருமகள் சத்யபிரியாவுக்கு மாமா ராமசுப்பு எழுதுவது.

நானும் உன் அத்தை சங்கரம்மாளும் நன்றாக இருக்கிறோம். அத்தையின் முழங்கால் வலி மழைக்கும் வெயிலுக்கும் பொதுவாகிவிட்டது. நீயும் மாப்பிள்ளை ராஜபாண்டியும் பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்று காலை இரண்டு முறை உனக்குப் போன் போட எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். சில விஷயங்களுக்குத் தாள்தான் வசதி.

நேற்று நம் ஊர்க் கணித மன்றத்தில் என் சிறு நூல் வெளியானது நிறைவாக இருந்தது. காரியாபட்டியிலிருந்து உன் அம்மா வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தது அதைவிட நிறைவு. மிளகாய்க் காட்டில் களை எடுத்து அண்ணனைப் படிக்க வைத்தவள் என் தங்கச்சி தங்கமாரி. நம் குடும்பத்தில் மேடை ஏறிய முதல் ஆள் நான் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததை மேடையிலிருந்தே கேட்டேன்.

நான் பேசியது மாப்பிள்ளைக்குப் புரியவில்லையாம். அவருக்கு இப்படிச் சொல். பன்னிரண்டு மிளகாய் நாற்று இருந்தால் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று செவ்வகமாக நடலாம். பதின்மூன்று நாற்று ஒரே வரிசையாகத்தான் நிற்கும். அதுதான் பகா எண். ஆனால் அந்தப் பதின்மூன்றை இரண்டு சதுரப் பாத்தியாகப் பிரிக்கலாம்: மூன்றுக்கு மூன்று ஒன்பது, இரண்டுக்கு இரண்டு நான்கு. எந்தப் பகா எண் இப்படிப் பிரியும் என்பதற்குப் பழைய மேதைகள் விதி சொல்லிவிட்டார்கள். இரண்டை ஒதுக்கிவிட்டால், நான்கால் வகுத்து மீதி ஒன்று வருகிற எல்லாம் பிரியும். ஒரு தனிப் பாத்தி, அதோடு ஒரே அளவில் இரண்டு சதுரப் பாத்தி என்றால் எட்டால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஐந்து பாத்தி, ஆறு பாத்தி, பத்து, பதின்மூன்று, இவற்றுக்கும் மீதியை வைத்தே சொல்லிவிடலாம்.

நான் நூலில் சேர்த்தது பதினான்கு. ஒரு தனிப் பாத்தி, அதோடு ஒரே அளவில் பதினான்கு பாத்தி. பகா எண்ணை ஐம்பத்தாறால் வகுத்து மீதி 1, 9, 15, 23, 25, 39 இவற்றில் ஒன்று வந்தால் அது இப்படிப் பிரியும். இருபத்து மூன்றைப் பார். தனிப் பாத்தியில் மூன்றுக்கு மூன்று ஒன்பது. பிறகு ஒற்றை நாற்றுப் பாத்தி பதினான்கு.

இதைச் சொல்லி முடித்ததும் நீ எழுந்து, "மாமா, எழுபத்தொண்ணுக்கு மீதி பதினஞ்சு வருதே, அத எப்பிடிப் பாத்தி கட்டுறது?" என்று கேட்டாய். நான், "ஏ புள்ள, மடியில வச்சுக் காது குத்துன மாமனுக்கே பாத்தி கட்டக் கத்துக்குடுக்க வந்துட்டியா? உக்காரு" என்றேன். கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாய். தமாஷுக்குச் சொன்னது. மனதில் வைத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

பிள்ளைக்கு என் முத்தம்.

உன் மாமா,
ராமசுப்பு


நரிக்குடி
9.2.2024

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பிள்ளைக்கு மட்டும் சளி. நாலு நாளில் சரியாகிவிட்டது. அத்தைக்குக் கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உட்காரச் சொன்னீர்கள், உட்கார்ந்தேன். வருத்தம் ஒன்றும் இல்லை.

பள்ளியில் பாட அட்டவணை மாறியிருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் இப்போது ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் தலைமையாசிரியர் பூமிநாதன் சாரும் அன்று விழாவுக்கு வந்திருந்தார். உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

வேறு விசேஷம் இல்லை.

சத்யபிரியா


அருப்புக்கோட்டை
2.3.2024

அன்பு சத்யாவுக்கு,

பிள்ளைக்குச் சளி விட்டதா என்று அத்தை தினமும் கேட்கிறாள். உப்பு ஒத்தடம் அவளுக்கு ஒத்துக்கொண்டது. உன் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் கட்டிக்கொள்கிறாள். எனக்குச் சாப்பாடு அவ்வளவாக இறங்கவில்லை. வெயில் முன்னாலேயே வந்துவிட்டது, அதனால் இருக்கும்.

பருவத்தின் நடுவில் ஏன் பத்தாம் வகுப்பை மாற்றினார்கள்? தேர்வு நெருங்குகிற நேரம். பூமிநாதனை எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமானால் ஒரு வார்த்தை பேசுகிறேன். ஆறாம் வகுப்பும் குறைந்தது இல்லை. பின்னத்தை அங்கேதான் சரியாக ஊன்ற வேண்டும். ஒரு தோசையை நாலாக்கினால் கால், எட்டாக்கினால் அரைக்கால் என்று நான் எத்தனை வருஷம் தோசையை வைத்தே ஓட்டினேன்.

மறுதலைக்கு நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். நீயும் உன் வகுப்பில் அதையே சொல்வதாக ஒரு தடவை சொன்னாய். இங்கிருந்து நரிக்குடி போகிற பஸ் எல்லாம் திருச்சுழி வழியாகப் போகும். அதற்காகத் திருச்சுழி போகிற பஸ் எல்லாம் நரிக்குடிக்குத்தான் என்று ஏறிவிட்டால் பாதி வழியில் இறக்கிவிடுவார்கள். ஒரு வாக்கியம் உண்மை என்பதால் அதைத் திருப்பிப் போட்டதும் உண்மையாகிவிடாது. முப்பத்து நான்கு வருஷம் சொன்னேன்.

இதை இப்போது ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நூல் ஐந்நூறு பிரதியும் போய்விட்டது. மன்றச் செயலாளர் பால்பாண்டி, ஆகஸ்டில் அதை வைத்தே பள்ளிகளுக்கு ஒரு தேர்வு நடத்தலாம் என்கிறார்.

பதில் எழுது. இரண்டு வரி போதும்.

மாமா


காரியாபட்டி
28.3.2024

அண்ணே,

நல்லா இருக்கியா, மதினி நல்லா இருக்காகளா. நான் அஞ்சாப்போட நின்னவ, எழுத்து கோணக்கமாணக்கன்னு இருக்கும். பொறுத்துக்க.

சத்யா போன வாரம் வந்துட்டுப் போனா. மொகமே சரியில்ல. நான் தோண்டித் துருவிக் கேட்டதுக்கு மாப்பிள்ளைதான் சொன்னாரு. பள்ளியோடத்துல வாத்திமாருக அவள எழுபத்தொண்ணுன்னு கூப்புடுறாகளாம். டீச்சர் வந்தாச்சான்னு கேக்க மாட்டாகளாம், எழுபத்தொண்ணு வந்தாச்சான்னு கேப்பாகளாம். அந்தப் பெரிய சாரு என்ன சொன்னாராம், "சொந்தத் தாய்மாமனே ஒன்ன உக்காருன்னுட்டாரு, ஒனக்கு எதுக்கும்மா பத்தாப்பு"ன்னாராம். ஜூன்ல வேலைய நெரந்தரமாக்குறதா இருந்துச்சு. அதுவும் இப்ப நின்னு போச்சு.

நீ சரியாத்தான் சொல்லியிருப்ப. அவ அவசரப்பட்டு என்னத்தையோ கேட்டுட்டா. நான் அவகிட்ட, "மாமாகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுரு தாயி, நாலு பேரு மத்தியில அவுகளக் கேள்வி கேக்கலாமா"ன்னேன். அவ தட்டுல கைய கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பாதிச் சோறு அப்பிடியே கெடக்கு.

நான் கேக்குறது இம்புட்டுத்தான். நீ அந்தச் சாருகிட்ட ஒரு வார்த்த சொல்லு. புள்ள தெரியாமக் கேட்டுருச்சு, மன்னிச்சு விட்டுருங்கன்னு நீ சொன்னா அவுக தட்ட மாட்டாக. ஒனக்கு அங்க அம்புட்டு மதிப்பு இருக்கு.

ஒடம்பப் பாத்துக்க. நேரத்துக்குச் சாப்புடு.

தங்கமாரி


அருப்புக்கோட்டை
19.4.2024

தங்கச்சி தங்கமாரிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. நலமாக இருக்கிறாய் அல்லவா. அத்தனை வரி உன் கையால் எழுதியிருக்கிறாய். எழுத்து எனக்கு நன்றாகவே விளங்கியது.

சத்யா என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது இல்லை. அவளிடம் அதைச் சொல்லிவிடு. பூமிநாதனிடம் நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெயில் தணியட்டும், நேரில் போகிறேன்.

அண்ணன்


அருப்புக்கோட்டை
16.6.2024

அன்பு மருமகள் சத்யாவுக்கு,

பள்ளி திறந்து வேலையில் மூழ்கியிருப்பாய். பிள்ளையை எந்த வகுப்பில் சேர்த்தீர்கள்? இங்கே அத்தை நலம். எனக்குக் கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

மார்ச்சில் நான் கேட்டதற்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பரவாயில்லை.

இத்துடன் ஒரு துண்டுச் சீட்டின் நகல் வைத்திருக்கிறேன். நூலின் இரண்டாம் பதிப்பில் ஒட்டுவதற்காக எழுதியது. படித்துப் பார்.

"பக்கம் 27இல் உள்ள பதினான்கு பாத்தி விதி எல்லாப் பகா எண்களுக்கும் பொருந்தாது என்பதை நூலாசிரியர் பின்னர் மேலும் ஆராய்ந்து கண்டார். சான்றாக, 71. வாசகர்கள் திருத்திக்கொள்ள வேண்டுகிறோம்."

சுருக்கமாக, மரியாதையாக இருக்கிறது என்று நினைக்கிறேன். இப்போதே அச்சடித்து எல்லாருக்கும் அனுப்பிவிடலாம் என்றேன். பால்பாண்டி, "அவசரப்படாதீங்க சார், ஆகஸ்டு பரீட்சை முடியட்டும், இப்ப அனுப்புனா புள்ளைகளுக்குக் கொழப்பமாயிரும்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிசம்பரில் பதிப்பு வரும்போது சேர்த்துவிடுவோம்.

இது உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மாமா


நரிக்குடி
11.7.2024

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

நாங்கள் சுகம். பிள்ளை ஒன்றாம் வகுப்பு. மாமா, கண்ணைக் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

துண்டுச் சீட்டைப் படித்தேன். "நூலாசிரியர் கண்டார்" என்று இருக்கிறது. பிழை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

ஆகஸ்டு தேர்வுக்கு எங்கள் வட்டார விடைத்தாள்களைத் திருத்துவோர் பட்டியலில் என் பெயரும் வந்திருக்கிறது. விடைக்குறிப்பை மன்றத்திலிருந்து அனுப்புவார்களாம்.

சத்யபிரியா


அருப்புக்கோட்டை
24.8.2024

சத்யா,

நீ சுகமா என்று கேட்கவே கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் ஜூலைக் கடிதத்தை நாற்பது நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். "நூலாசிரியர் கண்டார்" என்ற இரண்டு சொல்லை எடுத்து எழுதிவிட்டு அதன் மேல் ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறாய். நான் பிள்ளைகளின் தாளில் பிழையை அடிக்கோடு மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். எது பிழை என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்பதற்காக. அந்த அடிக்கோடு எப்படிச் சுடும் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது.

உண்மையை எழுதுகிறேன். ஜனவரி 21ஆம் தேதி சாயங்காலம், கழுத்தில் போட்ட துண்டைக்கூட எடுக்காமல், சமையல்கட்டில் நின்றுகொண்டு காலண்டரின் பின்பக்கத்தில் 71ஐப் போட்டேன். 71இல் 14 போனால் 57. 56 போனால் 15. அதற்கு மேல் போக முடியாது. இரண்டும் சதுரம் இல்லை. அத்தை காப்பியை ஆற்றி முடிக்கவில்லை, அதற்குள் என் விதி செத்துவிட்டது. மறுநாள் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதியபோது அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தமாஷ் என்று எழுதினேன்.

எப்படித் தவறினேன் என்பதையும் சொல்கிறேன், நீ சிரித்தாலும் சரி. தனிப் பாத்திக்கு நாற்பது அளவு, கூட இருக்கிற பதினான்கு கூட்டுப் பாத்திக்குப் பத்து அளவு என்று நானூறு கட்டம் போட்டுக் கூட்டினேன். வந்த எண்களில் பகா எண்களை மட்டும் வட்டமிட்டேன். ஒவ்வொன்றையும் 56ஆல் வகுத்தேன். அந்த ஆறு மீதியைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. உடனே திருப்பிச் சொல்லிவிட்டேன், அந்த மீதி வந்தால் பாத்தி உண்டு என்று. ஒரு பகா எண்ணையாவது கையில் எடுத்து மறுபக்கத்திலிருந்து பார்க்கவில்லை. பஸ் உதாரணம் சொல்லியே பென்ஷன் வாங்கியவன் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

71க்கும் 127க்கும் மீதி ஒன்றுதான், பதினைந்து. 127 பிரிகிறது: தனிப் பாத்தியில் ஒரு நாற்று, மூன்றுக்கு மூன்று பதினான்கு பாத்தி. 71க்கு வீடு வேறு. அது இரண்டுக்கு இரண்டில் இரண்டு பாத்தி, மூன்றுக்கு மூன்றில் ஏழு பாத்தி என்று போய் உட்காருகிறது. மீதி என்பது பின்கோடு மாதிரி. எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும். எந்த வீடு என்று சொல்லாது. ஐந்து பாத்தி விதிக்கும் ஆறு பாத்தி விதிக்கும் ஒரு பின்கோட்டில் ஒரே வீடு. பதினான்குக்கு இரண்டு வீடு. இதையெல்லாம் பிப்ரவரியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தது சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் அதிகம் வெட்கமாக இருக்கிறது. நீ ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது.

பூமிநாதனைப் பார்க்க மே மாதம் திருச்சுழி வரை வந்தேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு சர்பத் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ஆகஸ்டு தேர்வுக்குக் கேள்வித்தாளைப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். கண் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் ஆறாம் தேதி மன்றக் கூட்டம். பூமிநாதன் வருவார். அன்று உன் பெயரைச் சொல்லி எழுந்து பேசுகிறேன். நீ வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ராமசுப்பு


அருப்புக்கோட்டை
7.10.2024

சத்யா,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததும் தவறுதான். நீயும் வீட்டாரும் உடம்பு நலமாக இருந்தால் போதும்.

நேற்று நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். உன் அம்மாவை நானே காரியாபட்டி போய் அழைத்து வந்து முன் வரிசையில் உட்கார வைத்தேன். எழுந்து, ஜனவரியில் இதே இடத்தில் என் மருமகள் சத்யபிரியா கேட்டது சரி, நான் சொன்ன விதி தப்பு என்றேன்.

கூட்டம் சிரித்தது. பால்பாண்டி மைக்கிலேயே, "மருமகளுக்காக சாரு எறங்கி வாராரு" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "சீர் செஞ்ச கையி, ஒரு கணக்க விட்டுக்குடுக்காதா?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். உன் அம்மா பெருமையாகச் சுற்றிலும் பார்த்தாள்.  அன்று உன்னை உட்கார வைத்ததும் இதே சிரிப்புதான். இப்போது அது என்னைப் பெரிய மனிதன் ஆக்குகிறது. அப்படியே நாற்காலியில் சாய்ந்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஒரு கணம் அதற்கும் மனம் போனது. அதையும் மறைக்கவில்லை.

பிறகு, "பூமிநாதன் சார், மேல வாங்க" என்றேன்.

"நான் எதுக்கு சார்?"

"எழுபத்தொண்ணுக்கு நீங்க பாத்தி கட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே வந்து சாக்பீஸை எடுத்தார். "ஒத்த நாத்துப் பாத்தி பதினாலு போக அம்பத்தேழு."

"சதுரமா?"

"இல்ல."

"அடுத்து?"

"ரெண்டுக்கு ரெண்டுல பதினாலு, அம்பத்தாறு. மிச்சம் பதினஞ்சு." எழுதியதை மறுபடி பார்த்தார். "இதுவும் இல்ல. மூணுக்கு மூணு போட்டா நாத்தே பத்தாது."

"அப்ப?"

"அப்ப வராது சார்."

"எம்புட்டு நேரம் ஆச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"இந்த ஒரு நிமிஷத்த நான் ஜனவரியில விழா முடிஞ்ச அன்னைக்கே வீட்டுல போட்டுப் பாத்துட்டேன். எட்டு மாசமா அத வெளிய சொல்லல. அந்தப் பொண்ண நீங்க ஆறாப்புக்கு அனுப்புனது தெரியும். வேல நின்னு போனதும் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். நான் யாருக்கும் விட்டுக்குடுக்கல. எடுத்ததத்தான் திருப்பிக் குடுக்குறேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பூமிநாதன் சாக்பீஸைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டே நின்றார். துண்டுச் சீட்டை மாற்றி எழுதி இந்த வாரமே எல்லாப் பள்ளிக்கும் அனுப்பச் சொன்னேன். அதில் உன் பெயர் இருக்கிறது. பால்பாண்டி குறித்துக்கொண்டார்.

உன் அம்மாவைப் பஸ் ஏற்றப் போனேன். சீட்டில் உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "எட்டு மாசமாண்ணே?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் அவள ஒன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னேனே" என்றாள்.  பஸ் கிளம்பும் வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அறுபத்தெட்டு வயதில் தங்கையின் முன்னால் இப்படி நிற்பேன் என்று நினைக்கவில்லை. நிற்க வேண்டியதுதான்.

ராமசுப்பு


நரிக்குடி
19.10.2024

மாமாவுக்கும் அத்தைக்கும் சத்யபிரியாவின் வணக்கம்.

எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் வரத்து தொடங்கியிருக்கிறது. அங்கேயும் மழை என்று அம்மா சொன்னாள். அம்மா உங்களிடம் பேச இன்னும் கொஞ்ச நாள் ஆகும். நீங்களாக அவசரப்படுத்த வேண்டாம்.

பூமிநாதன் சார் திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டுப் பத்தாம் வகுப்பைத் திரும்பக் கொடுத்தார். வேலை நிரந்தரத்துக்கான தாளும் மேலே போயிருக்கிறது. ஆசிரியர் அறையில் இப்போது என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "மேடம்" என்கிறார்கள். வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சாயங்காலத்தில் நீங்கள் 71ஐப் போட்டுப் பார்த்தது உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். என் கேள்வியை ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தீர்கள். இருபத்து மூன்றுக்குக்கூட எப்படிப் பாத்தி கட்டுவது என்று காட்டியிருந்தீர்கள். 71க்கு மட்டும் காட்டவில்லை. வந்திருந்தால் காட்டியிருப்பீர்கள். தெரியாதவருக்கு என்றால் நான் சொல்லிவிடலாம். உங்களுக்குத் தெரியும் என்பதால் நீங்களே சொல்லட்டும் என்று இருந்தேன். அம்மாவுக்காகவும் வாயைத் திறக்கவில்லை. அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஆகஸ்டுக் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் உங்கள் மேல் கோபம் அல்ல. அது வந்து சேர்ந்தபோது விடைத்தாள்களைக் கட்டி அனுப்பியாகிவிட்டது.

நீங்கள் பார்க்காமல் விட்ட கேள்வித்தாளில் பதினெட்டாவது கேள்வி 71. விழாவில் எல்லோரும் சிரித்தது ஞாபகம் இருக்கும் என்று, உங்கள் துண்டுச் சீட்டுக்கு முன்பே பால்பாண்டி சார் சேர்த்திருப்பார்; பிறகு எடுக்கவில்லை. ஒரு தனிப் பாத்தி, பதினான்கு கூட்டுப் பாத்தியாகப் பிரிக்க முடியுமா, முடியாதா. விடைக்குறிப்பில் "முடியும்" என்று இருந்தது. நான் திருத்திய நூற்றுப் பன்னிரண்டு தாளில் நூற்றுப் பதினொன்றில் அப்படியே இருந்தது. ஒரு தாளில் மட்டும் "முடியாது" என்று எழுதி, ஓரத்தில் 57, 15 இரண்டும் சதுரம் இல்லை என்று பென்சிலில் போட்டிருந்தது. தாளில் எண்தான் உண்டு, பெயர் கிடையாது. கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த தங்கச்செல்வி. ஜனவரி விழாவுக்கு நான்தான் அவளை அழைத்து வந்திருந்தேன்.

அந்த விடைக்குச் சுழியம் போட்டேன், மாமா. கை தயங்கக்கூட இல்லை. குறிப்பில் உள்ளபடிதானே போட வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்தால் மன்றத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். எழுதினால் உங்கள் பெயர் வரும். மறுபடியும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணில் அவளுக்கு விருதுநகர் இறுதிச் சுற்று போய்விட்டது. முடிவு வந்த அன்று என்னிடம் வந்து, "டீச்சர், நீங்கதான அன்னைக்கு எந்திரிச்சுக் கேட்டீக? அப்ப எனக்கு ஏன் தப்புப் போட்டாக?" என்றாள். "யாரு திருத்துனாகளோ, எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீங்கள் எட்டு மாதம் என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு நியாயமாகக் கோபம் வர வேண்டும். வரவில்லை. தங்கச்செல்வி விஷயத்தில் நானும் இரண்டு மாதம் அப்படியே மறைத்து வைத்திருந்தேன்.

பூமிநாதன் சாரிடம் நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விடைத்தாளைத் திரும்ப வாங்கச் சொல்லியிருக்கிறார். இறுதிச் சுற்று முடிந்துவிட்டதால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை தங்கச்செல்வி வீட்டுக்குப் போகிறேன். அவள் அப்பா, அம்மா இருவரும் அன்று காட்டு வேலைக்குப் போக மாட்டார்களாம், விசாரித்து வைத்திருக்கிறேன். அவர்கள் எதிரிலேயே சொல்ல வேண்டும்.

துணைக்கு வருகிறேன் என்று நீங்கள் கிளம்பி வந்துவிட வேண்டாம். நீங்கள் பக்கத்தில் நின்றால் அது மறுபடியும் மாமனும் மருமகளும் என்று ஆகிவிடும். அவர்கள் நம்மை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சத்யபிரியா